கள்ளிமுளையான் அல்லாத ஒரு செடி

மிக்ஸி ஜாரின் மூடியைத் திறந்து, துவையலைக் கரண்டியால் வழித்து, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, "இந்தா, மோந்து பாருட்டி" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினார் அத்தான். தாராவியில் அவர் வீட்டுச் சமையல் மேடைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாது. அவர் மகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ள வாய்விட்டுக் கேட்டது. கொண்டாந்துட்டேம்லா!" என்றார். அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில். சொந்தமாகக் கார்கானா போட்ட அன்றைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்குநேரிக்குத் தெற்கே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு ஊரிலிருந்து இளவயதில் பம்பாய்க்கு வந்தவர். அவர் வாயில் அது கடைசிவரை பம்பாய்தான். தாராவியில் கார்கானா என்கிற வெல்டிங் பட்டறை வைத்து ஜன்னல் கிரில், கேட், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்துகொடுத்தார். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எத்தனையோ பால்கனிகள் அவர் அடித்த கம்பிக்குள்தான் இன்னும் இருக்கின்றன. எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுவிட்டு வரமாட்டார். முலுண்டில் ஒரு திருகு குறைந்தது என்று மழையில் தாராவிக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனவர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இந்த மகாராஷ்டிரத்தில் எதைக் காட்டினாலும் அதற்கு ஒரு அண்ணனோ தம்பியோ அவர் ஊரில் இருக்கும். மால்ஷேஜ் கணவாயில் மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வருகிறது, நாங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இவர், "எங்க ஊர்ப் பொத்தைய நாலு பேரு சேந்து மேல இழுத்துவிட்டா இப்படித்தான் இருக்கும்" என்பார். பொத்தை என்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பாறைக்குன்று. நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். "அப்போ அந்தப் பொத்தையிலேயே இருந்துக்க வேண்டியதுதானே, இங்க வந்து எதுக்கு எங்க உயிரை வாங்குதீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர்.

அந்தப் பொத்தைப் பெருமையில் முதலிடம் கள்ளிமுளையானுக்கு. முள்ளுப் புதருக்கு அடியில், ஆடு வாய்வைக்க முடியாத இடமாகப் பார்த்து, விரல் தடிமனில் முளைக்கிற சதைப்பற்றான தண்டு. நாலு பட்டையாக இருக்கும். இலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மழைக்குப் பிறகு கருஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூ. அது மணக்காது, லேசாக நாறும், ஈக்கள்தான் அதற்கு விருந்தாளி. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் தண்டை ஒடித்துப் பச்சையாகவே தின்பார்களாம். ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டு, வற்றல் மிளகாய், புளி, பூண்டு, உளுந்தம்பருப்பு சேர்த்து வதக்கி அரைத்தால் துவையல். நுனியை ஒடித்தால் போதும், வேர் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும், அடுத்த மழைக்கு மறுபடி எழுந்து வரும். இதெல்லாம் அக்கா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு முறை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கசப்பும் புளிப்புமாக இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா மட்டும் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

அக்கா ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். மகள் அப்போது பள்ளிப்படிப்பை முடிக்கிற நேரம். பிறகு அந்தப் பெண் தாவரவியல் படிக்க வேண்டும் என்று புனேவுக்குப் போனாள், படித்து முடித்து அங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. பேசுகிற தமிழும் இந்தியில் யோசித்துத் தமிழில் கொட்டுவதுதான். போனில் இவர், "சாப்ட்டியா தாயி?" என்பார். "ஹாங்ப்பா." "அங்க மழையா?" "ஹாங்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். அம்மாவிடம் அதைக் கொடு இதைக் கொடு என்று நாள் முழுக்க நச்சரித்த பெண், அம்மா போனபிறகு அப்பாவிடம் எதையுமே கேட்டதில்லை. அதுதான் அத்தானை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேங்காட்டி. நான் என்ன அந்நியனா?" என்று என்னிடம் வந்து புலம்புவார். நான் என்ன சொல்வது? வளர்ந்த பிள்ளை, சம்பாதிக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்று சமாதானம் சொல்லி அனுப்புவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அவளாகவே போன் செய்தாள். "அப்பா, எனக்கு ஒரு செடி தேடுது" என்றாள். ஒரு செடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. இந்தியில் மனதுக்குள் ஓடியதைக் கையில் கிடைத்த தமிழில் போட்டுவிட்டாள். ஆனால் அத்தான் ஊர்த் தமிழில் 'எனக்குத் தேடுது' என்றால் அது வேறு சமாசாரம். விட்டுப் பிரிந்த பிள்ளைக்கு அம்மாவைத் தேடும். வெளியூரில் கிடக்கிறவனுக்கு வீட்டுக் குழம்பு தேடும். ஏங்குகிறேன் என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிற சொல் அது. "என்ன செடி தாயி?" என்று இவர் பதறிக்கொண்டு கேட்டிருக்கிறார். "பாறையில வரும்ப்பா. கள்ளி மாதிரி, தண்டு மோட்டாவா இருக்கும். பூ சின்னதா, சிவப்பா. ஸ்மெல் நல்லா இருக்காது, ஈ வரும். நீங்க வேலைக்கு மலைப் பக்கமெல்லாம் போறீங்கல்ல? பாத்தா சொல்லுங்க." கடைசியாகச் சொன்ன அந்த 'சொல்லுங்க' அவர் காதில் ஏறவே இல்லை. அடுத்த நிமிஷம் எனக்குப் போன். "ஏட்டி, பிள்ளைக்குக் கள்ளிமுளையான் தேடுதாம்! அவ அம்மைக்கும் இப்படித்தான்லா தேடும்!" எனக்கும் சந்தோஷம்தான். நானும் அதே தமிழைத்தானே கேட்டு வளர்ந்தவள், எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

அந்தச் சமயம் ஜுன்னர் பக்கத்தில் ஒரு மலைமேல் இருக்கிற சின்ன அம்மன் கோவிலுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி அடிக்கிற வேலை அவருக்கு வந்திருந்தது. படி ஒரு பக்கம், அதல பாதாளம் ஒரு பக்கம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் துளை போட்டிருக்கிறார். மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் திரும்பிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் பாறை விளிம்பில் தொங்குகிறது தண்டு, அதில் சிவப்புப் பூ, பூவில் ஈ. "நம்ம ஊர்க்காரன் இங்கன வந்து என்னடே பண்ணுத?" என்று சத்தமாகவே கேட்டாராம். இலை இருந்ததே, கள்ளிமுளையானுக்கு ஏது இலை என்று அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதற்கும் பதில் வைத்திருந்தார். "இங்கத்த மழைய நல்லாக் குடிச்சிருக்குல்லா, அதான் கொழுத்துப்போய் இலை வச்சிருக்கு. பம்பாய்க்கு வந்து நம்மாளுவளும் தொந்தி வைக்கலியா?" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஊரில் ஒடிப்பதுபோல ஒடிக்கத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அது பொத்தை மண் இல்லையே. பாறை வெடிப்பில் ஒரு கைப்பிடி மண், அதில் மேலோட்டமாக வேர். "லேசா இழுத்தேன், வேரோட கையில வந்துட்டு" என்றார். கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி நகர்த்தி, விளிம்பு நெடுக இருந்ததை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவருக்குத்தான் வேலையைப் பாதியில் விட்டுவரத் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மகளை அவசரமாக வரச்சொல்லி, என்னையும் கூப்பிட்டு, சுடுசோறு வடித்து, தரையில் மூன்று தட்டு வைத்தார். துவையலை அவள் தட்டில் வைத்துவிட்டு, "என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் புரியாமல் சிரித்தாள். "நீ கேட்டதுதான் தாயி! தேடுதுன்னு சொன்னேல்லா?" என்று எழுந்துபோய், சீவிப் போட்ட குப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து காட்டினார். அதில் ஒரு பூ வாடிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஆனந்தம் என்று நினைத்தேன். "எங்க கிடைச்சுதுப்பா?" சொன்னார். "அங்க இன்னும் இருக்கா?" "ஒண்ணு விடலியே! உனக்குத் தேடுதுன்னு சொன்ன பொறவு மிச்சம் வச்சிட்டு வருவனா?" என்று சிரித்தார் அத்தான். அவள் பூவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சோற்றைப் பிசைந்தாள். தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, "நல்லா இருக்குப்பா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று தட்டை நீட்டினாள். அவர் இரண்டு கரண்டி வைத்தார். அதையும் சாப்பிட்டாள்.

சயான் ஸ்டேஷனுக்கு அவளோடு நடந்து போகும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாதி இந்தி, பாதி தமிழ், நடுவில் அழுகை. அது கள்ளிமுளையானே இல்லை. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம். பக்கத்துக் கிராமங்களில் ஷிந்தல் மாகுடி என்பார்களாம். சஹ்யாத்ரி மலையில், அதிலும் ஏதோ சில குன்றுகளின் செங்குத்துப் பாறைகளில் மட்டும் இருக்கிற செடி. உலகத்தில் வேறு எங்கும் தானாக வளராது. மழைக்காலத்தில் இலை விடும், வெயில் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு வெறும் தண்டாகப் பாறையோடு பாறையாகக் கிடக்கும். தெரிந்த இடங்களிலேயே குறைந்துகொண்டு வருகிறது. யாரும் பார்க்காத புது இடம் ஒன்றாவது கிடைக்காதா என்று அவள் மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தாள். "அந்தக் கோவில் மலையில இது இருக்குன்னு யாருக்கும் தெரியாது சித்தி. அப்பாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அப்பாவேதான்..." என்று நின்றுவிட்டாள். ஒரு கிளை வாங்கித் தொட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். தொட்டியில் எல்லாம் அது நன்றாகத்தான் வளருமாம், நர்சரிகளில்கூட இருக்கிறதாம். பாறையில் தானாக, தன் விதையில், தன் ஈயோடு இருக்கிறதுதான் அது. தொட்டியில் இருப்பது அதன் போட்டோ மாதிரி என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க. அப்பா முகத்தைப் பாத்தீங்கல்ல?" என்றாள்.

அடுத்த வாரமே அவளும் நானும் அந்த மலைக்குப் போனோம். கல்யாண் ஸ்டேஷனிலிருந்து எஸ்.டி. என்கிற அரசு பஸ், அப்புறம் ஜீப். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மராட்டிக்காரப் பெண்மணி டீக்கடை வைத்திருந்தார். அங்கே பையை வைத்துவிட்டு ஏறினோம். அத்தானின் புதுக் கைப்பிடி பளபளவென்று உச்சிவரை போயிருந்தது. என்ன சொல்ல, அருமையான வேலை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நானே மூச்சிரைக்க ஏறினேன். விளிம்பில் பாறை சுத்தமாக இருந்தது. வேர் இருந்த இடங்களில் மட்டும் ஈரமண் திட்டுத் திட்டாக. அவள் குப்புறப் படுத்து ஒவ்வொரு வெடிப்பாகக் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விதை எங்காவது விழுந்திருந்தால் அடுத்த மழைக்கு வரலாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அத்தான்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. உடனேயே அந்தத் துவையல் கரண்டியும் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்து, ஆத்திரப்படவும் முடியாமல் போனது.

அத்தானுக்கும் ஒருநாள் தெரிந்துபோயிற்று. நான் சொல்லவில்லை. மகளின் கல்லூரியில் ஒரு கண்காட்சி; இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றியில் திருநீறுமாக என்னோடு புனேவுக்கு வந்தார். அவள் தன் செடியைப் பற்றிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தாள். கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள். அத்தான் அதற்கு முன்னால் நின்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "என்னட்டி எழுதியிருக்கு? படி" என்றார். மறைக்க முடியுமா? மெதுவாகப் படித்துச் சொன்னேன். எங்கெங்கே இருக்கிறது, எதனாலெல்லாம் அழிகிறது: பாறை சரிவது, ஆடு மேய்வது. அடுத்த வரியை விழுங்கிவிட்டேன். "மனுசன் பறிக்கதும் போட்டிருக்கா?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் தள்ளி மகள் யாருக்கோ மராட்டியில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சேதான் தின்னுருக்கா, என்ன?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் வந்து, எப்படிப்பா இருக்கு என்று கேட்டபோது, "ரொம்ப நல்லாருக்கு தாயி" என்று சொல்லி அவள் தலையில் கைவைத்தார்.

திரும்பி வருகிற ரயிலில், போய் அவளிடம் பேசுங்கள், இரண்டு வார்த்தை, முடிந்துவிடும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "எனக்கு நோகக்கூடாதுன்னு அந்தப் பிள்ள ரெண்டு தரம் வாங்கித் தின்னுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சா, அது பட்ட பாடெல்லாம் வீணாயிரும்லா. நீ ஒண்ணும் சொல்லிராத" என்றார். அவள் சொல்லாதே என்கிறாள், இவர் சொல்லாதே என்கிறார். ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தாலேயே ஒரு வீடு ஊமையாகுமா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதற்குப் பிறகு அத்தான் எங்க ஊர் எங்க ஊர் என்று பேசுவதை விட்டுவிட்டார். நான் வேண்டுமென்றே பொத்தையை வம்புக்கு இழுத்தாலும், "அது கெடக்கு" என்று எழுந்துபோய்விடுவார். அந்த வாய் நீளமே நன்றாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் கார்கானாவிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மகள் புனேவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுதாள், ஆனால் எல்லாவற்றையும் அழுததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருஷம் மழை விட்ட கையோடு அந்த மலைக்குப் போகலாம், வாங்க சித்தி என்று கூப்பிட்டாள். வருஷா வருஷம் மழை முடிகிற சமயத்தில் அவள் தனியாகப் போய் அந்த வெடிப்புகளைப் பார்த்துவிட்டு வருவது எனக்குத் தெரியும்; அத்தானிடமும் அதைச் சொல்லியிருந்தேன். ஏறிப் பார்த்தோம். புல் முளைத்திருந்தது, பாசி படர்ந்திருந்தது. செடி வரவில்லை. இறங்கிவந்து டீ குடிக்க உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண்மணி அவளைப் பார்த்து, "உன் அப்பா இந்தத் தடவை வரவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று மராட்டியில் கேட்டார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கைப்பிடி போட்டவர்தானே, ஒவ்வொரு மழைக்கும் வருவாரே, வயதான மனிதர் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு வெடிப்புக்குள் டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பாரே, விழுந்துவிடப் போகிறார் என்று நான்தான் சத்தம் போடுவேன் என்றார். வந்ததும் முதலில், என் மகள் வந்துவிட்டுப் போயாயிற்றா என்றுதான் கேட்பாராம். போயாயிற்று என்றால் ஏறுவாராம். ஒரு தடவை இந்தப் பெண்மணி, உன் பெண் இப்போது மேலேதான் இருக்கிறாள், சீக்கிரம் போ என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அத்தான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மழையில் நனைந்துகொண்டே வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த மழை எனக்கு ஞாபகம் இருக்கு சித்தி" என்றாள். "மேல கோவில்ல ஒதுங்கி நின்னேன். ரொம்ப நேரம். யாராச்சும் ஏறி வந்தா பரவால்லையேன்னு படியையே பாத்துட்டு இருந்தேன்."